மழையில் தொடுதிரை: பாய்மரப் படகில் மின்வரைபடத்தை அமைக்கும் முறை

லங்காவியில் கிளம்பி மலாக்கா நீரிணை வழியாகச் சிங்கப்பூர் பக்கம் இறங்கினால் 400 கடல் மைலுக்குச் சற்று முன்பின் வரும். வலப்பக்கம் பெரிய கப்பல்களுக்கான போக்குவரத்துப் பாதை. இடப்பக்கம் மலேசியக் கரை, அதையொட்டி விளக்கில்லாத வலைகள், மிதவைகள், பார்ஜை இழுத்துவரும் டக் படகுகள். நடுவில் மிஞ்சும் பட்டைதான் பாய்மரப் படகுக்கு. ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை இங்கே ‘சுமத்ரா’ என்று எல்லோரும் சொல்லும் இடிமழை வரிசை மேற்கிலிருந்து வரும், பெரும்பாலும் விடியலுக்கு முன்பு. காற்று மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வரை வீசும். பாயைச் சுருக்க இரண்டு கையும் போதாத அந்த நேரத்தில்தான் மின்வரைபடத்தை, அதாவது கணினியில் ஓடும் கடல் வரைபடத்தை, காட்டும் தொடுதிரையும் வம்பு செய்யும். மழை கொட்டக் கொட்ட வரைபடம் தானாக நகரும், தானாகப் பெரிதாகும், யாரும் தொடாத மெனு திறந்து நிற்கும்.

இதற்காகத் தொடுதிரையே வேண்டாம் என்று சொல்பவர்கள் கட்சியில் நான் இல்லை. ரூட் போடுவதற்கும், ஏஐஎஸ் (கப்பல்கள் தம் பெயரையும் இடத்தையும் ரேடியோவில் அறிவிக்கும் முறை) காட்டும் கப்பலைத் தட்டி அதன் பெயரையும் வேகத்தையும் பார்ப்பதற்கும் விரலைவிட வேகமான கருவி கிடையாது. ஆனால் மழையில், இருட்டில், படகு சாய்ந்திருக்கும்போது செய்தே ஆகவேண்டிய வேலைகள் நாலைந்து உண்டு: பெரிதாக்குவது, சிறிதாக்குவது, படகை மறுபடி திரையின் நடுவுக்குக் கொண்டுவருவது, பகல்–இரவு நிறம் மாற்றுவது, ஆள் கடலில் விழுந்தால் அந்த இடத்தைக் குறிப்பது. இவற்றுக்கு அழுத்தினால் கைக்குத் தெரியும் பொத்தான் தனியாக இருக்கவேண்டும். கீழே சொல்வதெல்லாம் இந்த ஒரு ஏற்பாட்டுக்காகத்தான்.

இன்றைக்கு வரும் டேப்லெட், சார்ட் பிளாட்டர் (கடல் வரைபடத்தில் படகின் இடத்தைக் காட்டும் கருவி) பெரும்பாலானவற்றில் இருப்பது கெபாசிட்டிவ் திரை. கண்ணாடிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத மின்கடத்திக் கோடுகள் குறுக்கும் நெடுக்கும் ஓடுகின்றன. விரல் நெருங்கும்போது கோடுகள் சந்திக்கும் இடத்தில் மின்னூட்டம் சற்றுக் குறையும். அதை அளந்துதான் தொட்ட இடத்தைத் திரை கண்டுபிடிக்கிறது. நீரும் அதே வேலையைச் செய்யும். தனித்தனியாக நிற்கும் மழைத்துளி அதிகம் படுத்தாது. துளிகள் சேர்ந்து ஒரு படலமாகி, திரையின் உலோகச் சட்டத்தையோ உங்கள் விரலையோ தொட்டுவிட்டால், திரைக்கு அது உள்ளங்கை அகலத் தொடுகைபோலத் தெரியும். கடல்நீர் இன்னும் மோசம், உப்பு இருப்பதால் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும்.

மழையே இல்லாத இரவில் திரை பேயாட்டம் ஆடுவதற்கும் உப்புதான் காரணம். பகலில் தெறித்த சாரல் காய்ந்து கண்ணாடிமேல் மெல்லிய வெள்ளைப் படிவாக நிற்கும். சாதாரண உப்பு ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலுப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். மழைக்காலத்தில் அடுப்படி உப்பு ஜாடி கசிகிறதே, அதேதான். சூரியன் இறங்கி ஈரப்பதம் ஏறியதும் காய்ந்த படிவு மறுபடி உப்புநீர்ப் படலமாகிவிடும். ஆகவே மாலைக் காவலுக்கு ஆள் மாறும்போது திரையை நல்ல தண்ணீரால் நனைத்துத் துடைப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். காய்ந்த துணியால் நேராகத் துடைத்தால் உப்புப் படிகம் கூசொளித் தடுப்புப் பூச்சைக் கீறிவிடும். அம்மோனியா கலந்த கண்ணாடி திரவமும் அந்தப் பூச்சுக்கு ஆகாது. கொசு விரட்டி பூசிய கையையும் தள்ளிவையுங்கள். அதிலுள்ள டீட் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும்.

யாரும் தொடாமலே பதிவாகும் இந்தப் பேய்த்தொடுகையால் என்னென்ன ஆகும்? முதல் தொல்லை வரைபடம் நகர்வது. ஓப்பன்சிபிஎன் என்ற கடல் வரைபட மென்பொருளில் வரைபடத்தை இழுத்தவுடன் ‘படகைப் பின்தொடர்’ நிலை அணைந்துவிடும். அதன்பின் படகு ஓடிக்கொண்டே இருக்கும், திரையில் பழைய கடலே நிற்கும். பரபரப்பில் அதைப் பார்ப்பவருக்குச் சட்டென்று புரியாது. இரண்டாவது, வேபாயின்ட் (ரூட்டில் குறித்துவைத்த புள்ளி) இடம்பெயர்வது. விரல் பட்டு ஒரு வேபாயின்ட் அரை மைல் நகர்ந்தால் ரூட் கோடு அமைதியாக ஒரு திட்டின்மேல் போய் விழும். வேபாயின்ட்களைப் பூட்டும் தெரிவு அமைப்புகளில் இருக்கிறது. ரூட் போட்டு முடித்ததும் பூட்டிவிடுங்கள்.

மூன்றாவது தொல்லைதான் பாய்மரப் படகுக்கே உரியது. சார்ட் பிளாட்டர் ஆட்டோபைலட்டோடு இணைந்திருந்து, ‘அடுத்த வேபாயின்ட்’ என்ற கட்டளை தவறுதலாகத் தட்டப்பட்டால் படகு தானே திரும்பும். மோட்டார் படகில் அது வெறும் திசைமாற்றம். பின்காற்றில் ஓடும் பாய்மரப் படகில் பூம் (பாயின் அடிவிளிம்பைத் தாங்கும் கிடைக்கம்பம்) ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு அடித்துச் செல்லும், நடுவில் யார் தலை இருக்கிறது என்று பார்க்காது. அதனால் ஆட்டோபைலட்டின் கட்டுப்பாடு திரையில் மட்டும் இருக்கக்கூடாது. பொத்தான்களோடு தனிக் கட்டுப்பாட்டுப் பெட்டி காக்பிட்டில், அதாவது சுக்கான் பிடிப்பவர் இருக்கும் திறந்த இடத்தில், வேண்டும். திருப்பத்துக்கு முன் ஒப்புதல் கேட்கும் வசதி இருந்தால் அதை அணைக்காதீர்கள். பின்காற்றில் ஓடும்போது ரூட்டைப் பின்தொடரும் முறையை விட்டுவிட்டு, காற்றின் கோணத்தையோ திசைகாட்டியையோ பிடித்து ஓட்டுவதே நல்லது.

இதே வட்டாரத்தில், சிங்கப்பூர் நீரிணைக்கு அருகே, 2017 ஆகஸ்ட் 21 அன்று அமெரிக்கக் கடற்படையின் ஜான் எஸ். மெக்கெயின் கப்பல் ஆல்னிக் எம்சி என்ற எண்ணெய்க் கப்பலோடு மோதியது. 10 மாலுமிகள் இறந்தனர். சுக்கானையும் இன்ஜின் வேகத்தையும் தொடுதிரையில் ஒரு கட்டுப்பாட்டுப் பலகையிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும்போது நேர்ந்த குழப்பம் விசாரணையில் முக்கியமாகப் பேசப்பட்டது. இரண்டு உந்துசுழலிகளின் வேகக் கட்டுப்பாடும் பிரிந்துவிட்டதை, ஒன்று மட்டுமே குறைக்கப்பட்டதை, கப்பலை ஓட்டும் மேடையில் இருந்தவர்கள் உணரவில்லை. 2019இல் அந்தக் கடற்படை வேகக் கட்டுப்பாட்டுக்குக் கைப்பிடி நெம்புகோலுக்கே திரும்புவதாக அறிவித்தது. பயிற்சிக் குறைவும் அங்கே பெரிய காரணம், பழியைத் திரையின் தலையில் மட்டும் போட முடியாது. ஆனாலும் கைக்குத் தட்டுப்படும் நெம்புகோல் தன் நிலையைத் தானே சொல்லும். திரையில் அதைக் கண்ணால் தேடவேண்டும்.

எதை வாங்குவது

வழக்கமாக மூன்று பாதைகள். முதலாவது, கடலுக்கென்றே செய்த சார்ட் பிளாட்டர். இதில் ஒரே நிறுவனத்திலேயே இரண்டு வகை இருக்கும். ரேமரீனின் ஆக்ஸியம் தொடுதிரையை மட்டும் கொண்டது, ஆக்ஸியம் ப்ரோவில் திருகும் குமிழும் பொத்தான்களும் உண்டு. பி அண்ட் ஜியில் வல்கனுக்கும் சியூஸ் 3க்கும் இடையே உள்ள வேறுபாடும் ஏறக்குறைய இதுதான். காக்பிட்டில் பொருத்துவதென்றால் குமிழ் உள்ளதற்குக் கூடுதல் பணம் கொடுங்கள், அல்லது தனி விசைப்பலகை சேருமா என்று பாருங்கள். திரை அளவை ஓர் அங்குலம் குறைத்தாவது குமிழை வாங்கலாம் என்பது என் கணக்கு.

இரண்டாவது டேப்லெட். மலிவு, தெளிவு, பழகிய கை. ஆனால் வைஃபை மட்டும் உள்ள ஐபேடில் ஜிபிஎஸ் கிடையாது, சிம் போடும் வகையில்தான் உண்டு. ஐபேடைச் சுற்றுப்புற வெப்பம் 35 டிகிரி செல்சியஸ் வரைதான் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். மலாக்கா நீரிணையில் வெயில் நேரே விழும் காக்பிட்டில் அந்த எல்லை காலை பத்து மணிக்கே போய்விடும். முதலில் வெளிச்சம் மங்கும், பிறகு எச்சரிக்கைப் படம் காட்டி அணையும். நீர் புகாத உறை போட்டால் சூடு இன்னும் ஏறும், சார்ஜ் போட்டபடி ஓட்டினால் அதற்கும் மேல். சாரல் தடுப்பின் நிழலில், பின்பக்கம் காற்று போகும்படி மாட்டுவது மட்டுமே வழி.

மூன்றாவது, உள்ளே காய்ந்த இடத்தில் ராஸ்பெர்ரி பை போன்ற சின்னக் கணினி, அதில் ஓப்பன்சிபிஎன், வரைபட மேசையில் ஒரு தொடுதிரை. காக்பிட்டில் இருப்பது வெறும் காட்சித்திரை, அல்லது விஎன்சி (ஒரு கணினியின் திரையை இன்னொரு கருவியில் காட்டும் மென்பொருள்) வழியாக அந்தக் கணினியைக் காட்டும் டேப்லெட். டேப்லெட் கடலில் விழுந்தாலும் மூளை உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். நான் பரிந்துரைப்பது இதைத்தான். இதிலும் ஒரு பொறி உண்டு. வைஃபை அறுந்தால் டேப்லெட்டில் கடைசிப் படம் அப்படியே உறைந்து நிற்கும். ஓப்பன்சிபிஎன்னில் ஜிபிஎஸ் போனால் படகுச் சின்னம் சாம்பல் நிறமாகும், ஆனால் உறைந்த படத்தில் அது சிவப்பாகவே தெரியும். டாஷ்போர்டு பிளக்இன்னில் விநாடி ஓடும் கடிகாரத்தைத் திரையின் மூலையில் வைத்துவிடுங்கள். விநாடி ஓடவில்லையென்றால் படமும் பொய்.

ரெசிஸ்டிவ் திரையும் சந்தையில் இருக்கிறது. அது அழுத்தத்தை உணர்வது. கையுறையோ ஈரமோ உப்போ அதற்குப் பொருட்டில்லை. ஆனால் மேலே உள்ள படலம் வெளிச்சத்தைக் குடிக்கும், எளிதில் கீறும், சாதாரண வகையில் இரு விரல் சைகை நடக்காது, அவ்வப்போது மூலைகளைத் தொட்டுச் சரிசெய்யவும் வேண்டும். வெயில் படாத வரைபட மேசைக்கு நல்ல தேர்வு.

எதை வாங்கினாலும் முதலில் உப்புநீர்ச் சோதனை. ஒரு லிட்டர் தண்ணீரில் 35 கிராம் உப்பைக் கரைத்தால் ஏறத்தாழ கடல்நீர். தெளிப்பான் பாட்டிலில் ஊற்றி, நீர் புகாத தரமுள்ள திரைமேல் நன்றாக ஓடும்வரை அடியுங்கள். தானாகத் தட்டுகிறதா? ஈரவிரலால் இழுத்தால் வரைபடம் கூடவே வருகிறதா, துள்ளுகிறதா? பிறகு துடைக்காமல் காயவிட்டு, இரவில் திறந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். குழாய்த் தண்ணீரில் தேறும் திரைகள் பல இதில் தோற்கும். சில கடல் திரைகளில் ஈரத்தை உணர்ந்து அளவிடும் முறையை மாற்றிக்கொள்ளும் கட்டுப்படுத்தி இருக்கும். விற்பவரிடம் கேட்பதைவிடத் தெளிப்பானிடம் கேட்பது நல்லது. ஐபிஎக்ஸ்7 என்ற முத்திரையை வைத்து ஏமாறவேண்டாம். ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் கிடந்தாலும் நீர் உள்ளே போகாது என்பதே அதன் பொருள். வெளியே நனைந்திருக்கும்போது விரலுக்குக் கீழ்ப்படியும் என்று அது எங்கும் சொல்லவில்லை.

அமைப்புகள்

ஓப்பன்சிபிஎன்னில் தொடுதிரை இடைமுகத்துக்கான தெரிவு பயனர் இடைமுகப் பக்கத்தில் இருக்கிறது. அதை இயக்கினால் நீண்ட அழுத்தம் வலது சொடுக்காகும். அதே பக்கத்தில் பொத்தான்களின் அளவையும் கூட்டலாம். எவ்வளவு கூட்டுவது? ராஸ்பெர்ரி பையின் பழைய 7 அங்குலத் திரையில் 154 மில்லிமீட்டர் அகலத்துக்கு 800 புள்ளிகள், ஒரு புள்ளி 0.19 மில்லிமீட்டர். 32 புள்ளிப் பொத்தான் 6 மில்லிமீட்டர்தான் வரும். மேசைமேல் அது போதும். 20 டிகிரி சாய்ந்து குதிக்கும் படகில் 12 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் பக்கத்துப் பொத்தானைத்தான் தட்டுவீர்கள். ஆகவே இரட்டிப்பாக்குங்கள். திரையைச் சுற்றி 15 முதல் 20 மில்லிமீட்டர் விளிம்பு வைத்து மரச்சட்டம் போட்டால், நாலு விரலால் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கட்டைவிரலால் தட்டலாம். கையும் திரையும் சேர்ந்தே ஆடும், குறி தவறாது.

திரையைத் திருப்பி மாட்டினால் படம் திரும்பிவிடும், தொடுகை திரும்பாது. இடப்பக்கம் தட்ட மேலே திறக்கும். தொடுகைக்கான சுழற்சியைத் தனியாகக் கொடுக்கவேண்டும். இரண்டு திரைகள் இணைத்தாலும் இதே கூத்துதான்: ஒரு திரையின் தொடுகை இரண்டு திரைகளின் அகலத்துக்கும் பரவிவிடும். தொடுகைக் கருவியை அந்தத் திரையின் வெளியீட்டோடு கட்டிப்போட வேண்டும். கரையில் இருக்கும்போதே மறுதொடக்கம் செய்து, அமைப்பு நிலைத்திருக்கிறதா என்று பாருங்கள். இந்தக் கோளாறு வழக்கமாக முதல் மறுதொடக்கத்தில்தான் திரும்பிவரும்.

இனி பொத்தான்கள். ஆறு விசை கொண்ட, நிரல்படுத்தக்கூடிய சிறு யூஎஸ்பி விசைப்பலகை ஒன்று போதும். கூட்டல் குறியும் கழித்தல் குறியும் பெரிதாக்க, சிறிதாக்க. எஃப்2 படகைப் பின்தொடர. எஃப்5 பகல், அந்தி, இரவு நிறங்களுக்கு. கன்ட்ரோலும் ஸ்பேஸும் சேர்ந்தால் ஆள் விழுந்த இடக்குறி. அந்த ஒரு விசைக்கு மட்டும் மேலே மூடி போடுங்கள், இல்லாவிட்டால் முழங்கை பட்டே தினம் நாலு பேரைக் கடலில் தள்ளிவிடும். நீர் புகாத சிறு பெட்டியில் சிலிக்கோன் உறையோடு, கம்பி கீழ்ப்பக்கமாக வெளியேறும்படி வையுங்கள். ப்ளூடூத் வகை வேண்டாம், தேவைப்படும் நேரத்தில் தூங்கிக்கொண்டிருக்கும்.

தொடுகையை முழுதாகப் பூட்டும் வழியும் எல்லோருக்கும் தெரிந்திருக்கவேண்டும். கடல் சார்ட் பிளாட்டர்கள் பலவற்றில் பவர் பொத்தானை ஒரு முறை லேசாக அழுத்தினால் வரும் பட்டியலில் அது இருக்கும். ஐபேடில் கைடட் ஆக்ஸஸ் வசதிக்குள் தொடுகையை அணைக்கலாம். மேற்கே வானம் கறுத்ததும் பாயைச் சுருக்கும் முன் பூட்டிவிட்டால், மழை முடியும்வரை திரை வெறும் படம் காட்டும், அவ்வளவுதான் வேண்டும்.

இரு விரலால் பெரிதாக்குவது எளிதாக இருப்பதே ஓர் ஆபத்து. திசையன் வரைபடத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் அது எந்த அளவுவரை தெரியவேண்டும் என்று குறித்திருப்பார்கள். வெளியே போகப்போகப் பாறையும் திட்டும் ஒவ்வொன்றாக மறையும். 2014 நவம்பர் 29 அன்று உலகைச் சுற்றும் வோல்வோ ஓஷன் ரேஸ் பாய்மரப் போட்டியில் வெஸ்டாஸ் விண்ட் படகு மொரீஷியஸுக்கு வடகிழக்கே கார்காடோஸ் கராஜோஸ் பவளத்திட்டில் ஏறியது இப்படித்தான். மின்வரைபடத்தைப் போதிய அளவு பெரிதாக்கிப் பார்க்கவில்லை. ரூட் போட்டபின் முழுக் கோட்டையும் பெரிய அளவில், தொடக்கத்திலிருந்து முடிவுவரை விரலால் தள்ளிப் பார்த்தே தீரவேண்டும். விரல் உண்மையில் பயன்படும் இடம் அதுதான்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. அளவுக்கு மீறிப் பெரிதாக்கினால் படகு ஒரு கோட்டுக்கு எந்தப் பக்கம் என்றுகூடத் தெரிவதுபோல இருக்கும். கடலை எவ்வளவு துல்லியமாக அளந்தார்கள் என்பதை வரைபடம் ஓர் எழுத்தால் சொல்லும்; இந்த அளவைத் தரம் சி என்று குறித்த பகுதியில் இடப்பிழை 500 மீட்டர்வரை போகலாம். பி என்றால் 50, ஏ2 என்றால் 20 மீட்டர். எல்லை தாண்டிப் பெரிதாக்கியிருப்பதை ஓப்பன்சிபிஎன் திரையிலேயே எழுதிக்காட்டும். அந்த எழுத்து தெரியும்போது திட்டை ஒட்டி ஓட்டும் துணிச்சலை விட்டுவிடுங்கள்.

மின்சாரம், வெளிச்சம், காந்தம்

வெயிலில் தெரிய 1000 நிட்ஸ் அளவில் வெளிச்சமுள்ள திரை வேண்டும். 10 அங்குலத்தில் அது 15 முதல் 20 வாட் இழுக்கும், 12 வோல்ட்டில் ஒன்றரை ஆம்பியர். ராஸ்பெர்ரி பையும் சேர்த்து இரண்டு ஆம்பியர், 24 மணி நேரத்துக்கு 48 ஆம்பியர் மணி. 100 ஆம்பியர் மணி ஈய பேட்டரியில் பாதிதான் எடுக்கலாம் என்பதால், பிரிட்ஜ் ஓடும் முன்பே கணக்கு முடிந்துவிடும். இரவில் மங்கலாக்கினால் ஓரளவு மிஞ்சும்.

5 வோல்ட்டை நீளக் கம்பியில் அனுப்பாதீர்கள். மெல்லிய யூஎஸ்பி கம்பி ஐந்து மீட்டர் ஓடினால் மின்னழுத்தம் சரிந்துவிடும். ராஸ்பெர்ரி பை 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் எச்சரிக்கை காட்டி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 12 வோல்ட்டைத் தடித்த கம்பியில், ஃபியூஸ் போட்டு, கணினியின் பக்கத்துக்குக் கொண்டுவந்து அங்கே மாற்றுங்கள். இன்ஜின் ஸ்டார்ட் செய்யும்போது பேட்டரி ஒரு கணம் 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கும். 9 முதல் 36 வோல்ட் வரை ஏற்கும் மாற்றி இருந்தால் கணினி விழாது. அப்படி நாலு முறை விழுந்தால் எஸ்டி கார்டு கெட்டுப்போகும். எஸ்எஸ்டியிலிருந்து இயக்குவது நிம்மதி. மலிவான மாற்றிகள் விஎச்எஃப் ரேடியோவிலும் ஏஐஎஸ்ஸிலும் இரைச்சலைக் கிளப்பும். மாற்றியை இயக்கியும் அணைத்தும் ஏஐஎஸ்ஸில் எத்தனை கப்பல் தெரிகிறது என்று பாருங்கள், எண்ணிக்கை குறைந்தால் குற்றவாளி அதுதான்.

துருவ ஒளிக் கறுப்புக் கண்ணாடி போட்டுப் பார்த்தால் சில திரைகள் ஒரு கோணத்தில் முழுதும் கறுத்துவிடும். வாங்கும்போது கண்ணாடியோடு திரையை 90 டிகிரி திருப்பிப் பாருங்கள். இரவில் தலைகீழ்ப் பிரச்சினை. கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் பிடிக்கும், ஒரு பார்வையில் அது போய்விடும். இரவு நிறத்துக்கு மாற்றினாலும் பின்விளக்கு கசியும். மேலே சிவப்புப் படலம் ஒன்றை வெட்டி ஒட்டுங்கள். படலம் போட்டாலும் தொடுகை வேலை செய்கிறதா என்பதையும் பாருங்கள்.

டேப்லெட் உறைகளில் காந்தம் இருக்கும், ஒலிபெருக்கியிலும் உண்டு. சுக்கான் திசைகாட்டிக்கு ஒரு மீட்டருக்குள் வைக்காதீர்கள். ஆட்டோபைலட்டின் மின்திசைகாட்டிப் பெட்டி எந்த அலமாரிக்குப் பின்னால் இருக்கிறது என்பதையும் தெரிந்துவையுங்கள். அந்த அலமாரியில் டேப்லெட்டைச் செருகினால் படகு காரணமே தெரியாமல் சில டிகிரி விலகி ஓடும்.

சுமத்ராவோடு மின்னலும் வரும். மாற்று டேப்லெட்டைச் சமையல் ஓவனுக்குள் வைப்பது பாய்மரப் படகுக்காரர்கள் வழக்கம். உலோகப் பெட்டி ஓரளவு காக்கும், உத்தரவாதம் எதுவுமில்லை. உள்ளே வைக்கும் டேப்லெட்டில் வரைபடமும் உரிமமும் முன்னமே ஏறியிருக்கவேண்டும். ஓ-சார்ட்ஸ் போன்ற கட்டண வரைபடங்கள் கருவியோடு பிணைக்கப்பட்டவை, நடுக்கடலில் இணையம் இல்லாமல் புதிய கருவிக்கு மாற்ற முடியாது. கூடவே அன்றைய ரூட்டும், கைக்கு அடக்கமான ஒரு ஜிபிஎஸ்ஸும். ஓவன் குமிழில் சிவப்பு ரிப்பன் ஒன்றைக் கட்டிவிடுங்கள், மழை விட்டதும் யாராவது ரொட்டி சுடக் கிளம்புவார்கள்.